அளந்த சோறு: ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் பசியும் பருமனும்

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கி, ஸ்ரீபெரும்புதூரைத் தொட்டுத் தெற்கே திரும்பி, வல்லம் வழியாக ஒரகடம் வரை நீளும் நிலப்பரப்பு இன்று கார்களுக்கும் கைப்பேசிகளுக்கும் பெயர்பெற்றிருந்தாலும், ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பு வரை அது ஏரித்தண்ணீரில் நெல் விளைந்த செங்கற்பட்டுச் சீமையின் ஒரு துண்டாகவே இருந்தது. இந்த மாற்றத்தை நிலவிலை, ஏற்றுமதி, வேலைவாய்ப்பு ஆகியவற்றின் கணக்காக எழுதுவதே வழக்கம். அதையே உணவுவேளையின் வரலாறாகவும் எழுத முடியும். யார் எப்போது, யாருடைய கையால், எவ்வளவு உண்டார்கள் என்னும் அந்த வரலாற்றின் மிக அண்மைய பக்கத்தில் நிற்பது உடற்பருமனுக்கான அறுவைச் சிகிச்சை. இரைப்பையின் கொள்ளளவைச் சுருக்கியோ, உணவு செல்லும் குடற்பாதையை மாற்றியமைத்தோ எடையைக் குறைக்கும் இச்சிகிச்சைக்கு முன்பு நோயாளியின் மனத்தை ஆயத்தம் செய்யவேண்டும் என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட விதி. அந்த விதி எங்கிருந்து வந்தது, இந்த வட்டாரத்துக்கு வந்து சேரும்போது எவற்றோடு மோதுகிறது என்பதை அறிய, இங்குள்ள மக்கள் சோற்றோடு கொண்டிருந்த உறவிலிருந்தே தொடங்கவேண்டியிருக்கிறது.

1763இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக வந்த நிலம் இது. ஜாகீர் என்பது வருவாயை அனுபவித்துக்கொள்ளும் உரிமையோடு ஒருவருக்கு விடப்பட்ட நிலப்பகுதி. தாமஸ் பர்னார்ட் என்னும் பொறியாளர் 1767 முதல் சில ஆண்டுகள் இச்சீமையை ஊர் ஊராக அளந்து தொகுத்த கணக்குகளில், ஏரி, குளம், நன்செய், புன்செய் ஆகியவற்றோடு விளைச்சல் எவ்வாறு பங்கிடப்பட்டது என்பதும் பதிவாகியிருக்கிறது. நெல் வீட்டுக்குப் போகும் முன்பே களத்துமேட்டில் கோயிலுக்கும், கணக்கருக்கும், தச்சருக்கும், கொல்லருக்கும், பிற ஊழியக்காரருக்கும் உரிய பங்கு அளந்து கொடுக்கப்பட்டது. மேரை என்று வழங்கிய இப்பங்கு கூலியன்று, உரிமை. பங்கின் அளவு சாதிக்கேற்ப மாறியது என்பதையும், சேற்றில் இறங்கி உழைத்தவருக்கு மிகக் குறைவாகவே கிடைத்தது என்பதையும் மறைத்துவிட்டு அக்காலத்தைப் பொற்காலமாக்குவது நேர்மையாகாது. ஆயினும், உணவு என்பது ஒருவர் தமக்குத் தாமே அளந்துகொள்ளும் பொருளாக அன்றி, பிறர் கையால் அளந்து தரப்படும் பொருளாகவே இங்கு நெடுங்காலம் இருந்தது என்பது இக்கணக்குகளிலிருந்து தெளிவாகிறது.

அந்த அளவு எவ்வளவு கொடியதாக மாறக்கூடும் என்பதை 1876–78ஆம் ஆண்டுகளில் சென்னை மாகாணத்தை உலுக்கிய தாது வருடப் பஞ்சம் காட்டியது. நிவாரணப் பணியில் மண் சுமந்தவர்களுக்கான கூலியை, வைசிராயின் தூதராக வந்த ரிச்சர்ட் டெம்பிள், நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது ஏறத்தாழ 450 கிராம், என்ற அடிப்படைக்குக் குறைத்தார். உழைக்கும் உடலுக்கு இது போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் கடுமையாக எதிர்த்து எழுதினார். ஒரு மனிதனுக்கு எவ்வளவு உணவு போதும் என்று அரசு அதிகாரிகள் இருவர் தாளில் வாதிட்டுக்கொண்டிருந்த மாதங்களில், பசித்தவர்கள் சுற்றுப்புறச் சீமைகளிலிருந்து சென்னையை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். கஞ்சித் தொட்டி என்னும் சொல் தமிழில் இன்றும் அவமானத்தோடும் இரக்கத்தோடும் ஒலிப்பதற்குப் பஞ்சங்களே காரணம்.

பஞ்சத்தைக் கண்ட சமூகம் சதைப்பற்றுள்ள உடலை நோயாகப் பார்ப்பதில்லை. ‘பூசினாற்போல் இருக்கிறாள்’ என்பது பெண் பார்க்கப் போனவர்கள் சொல்லும் பாராட்டு. ‘இளைத்துப் போய்விட்டாயே’ என்பது ஊருக்கு வந்த மகனைக் கண்டதும் தாய் சொல்லும் முதல் சொல். நோயிலிருந்து எழுந்தவருக்கு ‘உடம்பைத் தேற்றவேண்டும்’ என்பதே வீட்டார் வகுக்கும் திட்டம். வந்தவரை நலம் விசாரிப்பதற்கு முன்பு ‘சாப்பிட்டாயா?’ என்று கேட்கும் இந்த மொழியில், இலையில் இரண்டாம் முறை சோறு வைக்க வரும் கையை மறுப்பது அன்பையே மறுப்பதாகிறது. அறுவைக்கு முன் தரப்படும் மனநல ஆலோசனையில் ‘உணர்ச்சிவயப்பட்டு உண்ணுதல்’ என்னும் தொடர் அடிக்கடி வருகிறது; கவலை, தனிமை, சலிப்பு ஆகியவற்றைத் தணிக்க உண்பதை அது குறிக்கிறது. இங்கு அத்தொடருக்கு மேலும் ஒரு பொருள் கொள்ளவேண்டும்: தம் உணர்ச்சிக்காக அன்றி, பரிமாறுபவரின் உணர்ச்சிக்காக உண்பதும் இங்கு உண்டு.

உண்ணாமல் இருப்பதற்கும் இந்த மண்ணில் நீண்ட மரபு இருக்கிறது. வைணவ ஆசாரியர் இராமானுசர் 1017இல் பிறந்ததாகக் கொள்ளப்படும் ஊர் ஸ்ரீபெரும்புதூர். அவர் வழிவந்த இல்லங்களில் ஏகாதசி நோன்பு நியமத்தோடு காக்கப்படுகிறது. ஆனால், நோன்பின் சிறப்பு உபவாசத்தில் மட்டும் இல்லை. மறுநாள் துவாதசியில் அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் ஆகியவற்றோடு உரிய வேளையில் நோன்பை முடிக்கும் பாரணை என்னும் சடங்கு இல்லாவிட்டால் விரதம் நிறைவு பெறாது என்பது நம்பிக்கை. பசி ஓர் எல்லைக்குட்பட்டது, அதன் முடிவில் இலை விரிக்கப்படும் என்ற உறுதியே நோன்பைத் தாங்கும் பலத்தைத் தருகிறது. அறுவைக்குப் பின்வரும் வாழ்வை ‘கொஞ்ச நாள் விரதம் மாதிரி’ என்று உறவினர்கள் ஆறுதல் சொல்லும்போது, அவர்கள் அறியாமலே ஒரு தவறான வாக்குறுதியைத் தந்துவிடுகிறார்கள். அந்த வாழ்வில் பாரணை கிடையாது. முதல் இரு வாரங்கள் நீர் உணவு, பிறகு மசித்த உணவு, பிறகு மென்மையான உணவு என்று படிப்படியாக ஏறி, ஏறத்தாழ இரண்டு மாதங்களில் வழக்கமான உணவுக்குத் திரும்பலாம். பழைய அளவுக்குத் திரும்பமுடியாது. இந்த ஒன்றை மனம் முன்கூட்டியே துக்கித்து ஏற்றுக்கொள்வதே ஆயத்தத்தின் முதன்மையான பகுதி.

உணவுவேளை கழனியிலிருந்து ஆலைக்கு மாறியது வியக்கத்தக்க வேகத்தில் நடந்தது. 1996இல் தொடங்கப்பட்ட ஹூண்டாய் இந்திய நிறுவனத்தின் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து 1998இல் சான்ட்ரோ கார்கள் வெளிவந்தன. 2006இல் நோக்கியா கைப்பேசி ஆலை திறக்கப்பட்டு 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசான் கூட்டு ஆலையும், 2012இல் டைம்லர் டிரக் ஆலையும், 2013இல் ராயல் என்ஃபீல்டு ஆலையும் இயங்கத் தொடங்கின. ஊர்ப்பெயர்கள் தொழிற்பூங்காக்களை அமைக்கும் அரசு நிறுவனமான சிப்காட்டின் வளாகப் பெயர்களாயின. இவ்வாலைகளின் உணவுவேளையை வகுத்தது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். 250 பேருக்கு மேல் பணிபுரியும் ஆலையில் கேன்டீன் வேண்டும் என்று அதன் 46ஆம் பிரிவும், ஐந்து மணி நேர வேலைக்குள் குறைந்தது அரை மணி நேர இடைவேளை தரவேண்டும் என்று 55ஆம் பிரிவும் விதித்தன. வங்கப் பஞ்சம் நடந்து ஐந்தே ஆண்டுகளில் இயற்றப்பட்ட அச்சட்டத்துக்குத் தொழிலாளி பசியோடு இயந்திரத்தின் முன் நிற்கக்கூடாது என்பதே கவலையாக இருந்திருக்கவேண்டும்; அது நியாயமான கவலை.

அதே சட்டத்தின் 66ஆம் பிரிவு இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை பெண்களை ஆலையில் பணியமர்த்துவதைத் தடுத்திருந்தது. அந்தத் தடை சமத்துவத்துக்கு எதிரானது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2000இல் நீக்கியபின், சில ஆண்டுகளில் எழுந்த கைப்பேசி, மின்னணு ஆலைகளுக்கு, பள்ளிப்படிப்பையோ பட்டயப்படிப்பையோ முடித்த இளம்பெண்கள் வெளிமாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் வந்தார்கள். தீர்ப்பு பெண்களுக்கு வேலையையும் கையில் காசையும் தந்தது என்பதில் ஐயமில்லை. கூடவே, ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட் என்று வாரந்தோறும் சுழலும் ஒரு வாழ்க்கையையும் அது திறந்துவிட்டது. நள்ளிரவுக்குப் பின் சோறு, விடியலில் உறக்கம், பகலில் விடுதி அறையில் பிஸ்கெட்டும் தேநீரும், அடுத்த வாரம் எல்லாம் தலைகீழ். இரவில் உண்ட உணவை உடல் பகலில் உண்டதைப்போலக் கையாள்வதில்லை என்பதும், சர்க்கரையைத் திசுக்களுக்குள் செலுத்தும் இன்சுலினின் திறன் மாலைக்குப் பின் குறைகிறது என்பதும் இன்று தெளிவாக அறியப்பட்டவை.

விடுதிகளில் சோற்றின் அளவும் தரமும் பிறர் கையிலேயே இருந்தன. 2021 டிசம்பரில் கைப்பேசி ஆலையொன்றின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, தோழிகளின் நிலை அறியாத பெண்கள் இரவிலேயே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தார்கள். இந்த வட்டாரத்தின் வரலாற்றில் சோற்றுக்காகப் பெண்கள் தாங்களே எழுந்து பேசிய அந்த இரவுக்குத் தனியிடம் தரவேண்டும். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகால் சிப்காட்டில் 706.50 கோடி ரூபாய் செலவில், 18,720 படுக்கைகளோடு பெண் தொழிலாளர்களுக்கான குடியிருப்பு வளாகம் திறக்கப்பட்டது.

பசியின் சீமை பருமனின் சீமையாக மாறியதை எண்கள் உறுதிசெய்கின்றன. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களுள் மிகை எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள் 2015–16ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 30.9 விழுக்காடாக இருந்து, 2019–21ஆம் ஆண்டுகளின் கணக்கெடுப்பில் 40.4 ஆக உயர்ந்தார்கள், ஆண்கள் 28.2இலிருந்து 37.0 ஆனார்கள். இக்கணக்கு உடல்நிறைக் குறியீட்டைக் கொண்டது. கிலோகிராமில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அது கிடைக்கும். ஆசியர்களுக்குக் குறைந்த குறியீட்டிலேயே நீரிழிவும் இதயநோயும் வருவதால், 2022இல் திருத்தப்பட்ட பன்னாட்டு அறுவைச் சிகிச்சை நெறிமுறை ஆசியர்களுக்கு 27.5 என்ற அளவிலேயே அறுவையைப் பரிசீலிக்கலாம் என்கிறது.

மனத்தை ஆயத்தம் செய்யும் வழக்கம் நல்லெண்ணத்தில் மட்டும் பிறந்ததன்று, தோல்விகளிலும் பிறந்தது. 1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ், தாமாக முன்வந்த 36 இளைஞர்களை ஆறு மாதங்கள் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தபோது, நல்ல மனநலத்தோடு வந்தவர்களே எரிச்சலும் சோர்வும் கொண்டவர்களாகி, நாள்முழுதும் உணவையே நினைத்து, சமையல் நூல்களைப் படித்துக் கிடந்தார்கள்; மனத்தைக் குணத்தின் குறையாகப் பார்க்காமல், பசித்த உடலின் ஒரு பகுதியாகப் பார்க்க அச்சோதனை கற்றுத்தந்தது. அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த க்ரெமன், லின்னர், நெல்சன் ஆகியோர் 1954இல் சிறுகுடலின் பெரும்பகுதியைத் தாண்டி உணவைச் செலுத்தும் முறையை வெளியிட்டனர். நோயாளி எவ்வளவு உண்டாலும் உடலில் சேராது என்பதே அதன் அடிப்படை. மனத்தைக் கேட்கவேண்டிய தேவையே இல்லாத சிகிச்சையாக அது தோன்றியிருக்கலாம். ஓயாத வயிற்றுப்போக்கும், சிறுநீரகக் கற்களும், கல்லீரல் சிதைவும் பின்தொடர, அம்முறை கைவிடப்பட்டது. 1966இல் அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் மேசன் இரைப்பை மாற்றுவழி அறுவையைத் தொடங்கினார். இரைப்பையின் மேல்முனையில் சிறு பை ஒன்றை மட்டும் விட்டு அதைக் குடலோடு இணைப்பது அது. இன்று அப்பையின் கொள்ளளவு ஏறத்தாழ 30 மில்லிலிட்டர். குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையை ஒத்த அளவு. 1991இல் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனம் கூட்டிய கருத்தொருமை மாநாடுதான் அறுவைக்கு முன் மருத்துவர், அறுவை வல்லுநர், உணவியலாளர் ஆகியோரோடு மனநல வல்லுநரும் நோயாளியை மதிப்பிடவேண்டும் என்று வகுத்தது. இன்று பெருவழக்காக உள்ள ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் நீளவாக்கில் வெட்டி எடுக்கப்படுகிறது. 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்த கிரெலின் என்னும் பசி இயக்குநீரைப் பெருமளவு சுரக்கும் பகுதியும் அதோடு போய்விடுகிறது. முதல் மாதங்களில் பசியே எடுக்காத ஓர் அமைதியை நோயாளிகள் உணர்வதற்கு இது ஒரு காரணம். அந்த அமைதி நிலைத்துவிடும் என்று நம்புவது ஆபத்து.

இந்தியாவில் உடற்பருமன் அறுவை வல்லுநர்களின் சங்கம் 2002இல் அமைந்தது. 2019இல் காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் வகுத்த விதிகள், குறியீடு 40ஓ அதற்கு மேலோ உள்ளவர்களுக்கும், 35ஓ அதற்கு மேலோ இருந்து கட்டுப்படாத நீரிழிவு, உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் போன்ற கடும் துணைநோய் உள்ளவர்களுக்கும், பிற வழிகள் பயனளிக்காதபோது, இவ்வறுவைக்குக் காப்பீடு உண்டு என்று தெளிவாக்கின. நெடுஞ்சாலையோரத்து மருத்துவக் கல்லூரிகளும் சென்னையின் பெருமருத்துவமனைகளும் ஒரு மணி நேரப் பயணத்தில் இருப்பதால், இச்சிகிச்சை இன்று ஒரகடத்துத் தொழிலாளிக்குத் தொலைவான ஒன்றன்று. ஆனால், செய்தி வருவதற்குள் சொற்கள் திரிந்துவிடுகின்றன. மாற்றுவழி அறுவையின் ஆங்கிலப் பெயரான ‘பைபாஸ்’ என்றால் வீட்டுப் பெரியவர்கள் இதயத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அழகுச் சிகிச்சையோடும் பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். எந்த உறுப்பில் என்ன செய்யப்போகிறார்கள் என்பதைத் தாளில் படம் வரைந்து வீட்டாருக்கும் விளக்குவது மன ஆயத்தத்தின் ஒரு பகுதியே.

மனநல மதிப்பீட்டில் கேட்கப்படும் கேள்விகள் வேறொரு வாழ்க்கையை எண்ணி எழுதப்பட்டவை. 1955இல் ஆல்பர்ட் ஸ்டன்கார்ட் என்னும் அமெரிக்க மனநல மருத்துவர் விவரித்த இரவுண்ணல் கோளாறு, மாலை உணவுக்குப் பின்னும் உறக்கத்தினிடையே எழுந்தும் உண்பதைக் குறிக்கிறது. மாலை உணவு எது, உறக்கம் எது என்பது வாரந்தோறும் மாறும் ஒருவரிடம் இக்கேள்வியை அப்படியே கேட்டால், நோயற்றவர் நோயாளியாகவும், நோயாளி ‘ஷிப்ட்தான் காரணம்’ என்று தப்பியவராகவும் பதிவாகக்கூடும். மூன்று ஷிப்ட் வாரங்களுக்கும் தனித்தனியே உணவுக் குறிப்பு எழுதச் சொல்லி, அதைக் கொண்டு பேசத் தொடங்குவதே இங்கு பொருந்தும். கட்டுப்பாடின்றிக் குறுகிய நேரத்தில் பேரளவு உண்டு பின்பு குற்றவுணர்வில் மூழ்கும் மிகையுண்ணல் கோளாறும், மனச்சோர்வும், குடிப்பழக்கமும் அறுவைக்கு முன்பே கண்டறியப்பட்டுச் சிகிச்சை பெறவேண்டியவை. மாற்றுவழி அறுவைக்குப் பின் மது விரைவாக இரத்தத்தில் ஏறுகிறது. 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் மதுப் பிரச்சினை உள்ளவர்கள் அறுவைக்கு முந்தைய 7.6 விழுக்காட்டிலிருந்து இரண்டாம் ஆண்டில் 9.6 ஆக உயர்ந்திருந்தார்கள். 1987இல் தொடங்கிய சுவீடன் நாட்டு நெடுங்கால ஆய்வு அறுவை ஆயுளை நீட்டிக்கிறது என்று காட்டியது. அதே நாட்டிலிருந்து பின்னர் வந்த முடிவுகள், அறுவை செய்துகொண்டவர்களிடம் தற்கொலையும் தற்காயமும் கூடுதலாக இருந்ததையும் காட்டின. உடல் இளைத்துவிட்டால் வாழ்வின் மற்ற துயரங்களும் இளைத்துவிடும் என்ற எதிர்பார்ப்பு உடையும்போது துணைநிற்க ஆள் வேண்டும். அந்த ஆளை அறுவைக்கு முன்பே தேர்ந்து வைத்துக்கொள்வது உயிர்காக்கும் செயல்.

இளம்பெண்களின் நிலை தனியே கருதத்தக்கது. அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதங்கள் கருத்தரிப்பதைத் தள்ளிப்போடுமாறு மருத்துவ நெறிமுறைகள் அறிவுறுத்துகின்றன. வேகமாக எடை குறையும் அக்காலத்தில் இரும்பு, பி12, தயமின் ஆகிய சத்துகள் குறைபடக்கூடும். மணமாகி மூன்றாம் மாதமே ‘விசேஷம் உண்டா?’ என்று கேட்கப்படும் சமூகத்தில், வரன் தேடுவதற்காகவே அறுவையை நாடும் குடும்பம் இந்தப் பதினெட்டு மாதங்களை முன்கூட்டியே அறிந்திருக்கவேண்டும். மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைக்கவேண்டிய ஒன்றாக அறுவை கருதப்பட்டால், வாழ்நாள் முழுதும் விழுங்கவேண்டிய சத்து மாத்திரைகளும் மறைக்கப்படும். மறைத்து விழுங்கும் மாத்திரை நாளடைவில் விழுங்கப்படாத மாத்திரையாகிவிடும்.

விடுப்பின் கணக்கும் மனத்தைச் சேர்ந்ததே. மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களை உள்ளடக்கும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ., நோய்க்கால உதவியாக ஆண்டுக்கு 91 நாட்கள் வரை ஊதியத்தின் 70 விழுக்காட்டை வழங்குகிறது. காசு கிடைத்தாலும், திரும்பி வரும்போது வேலை இருக்குமா என்ற அச்சம் ஒப்பந்தத் தொழிலாளரையும் பயிற்சியாளரையும் விட்டுப் போவதில்லை. அந்த அச்சத்தில் ஓய்வுநாட்களைக் குறைத்துக்கொண்டு உற்பத்தி லைனுக்குத் திரும்புபவரின் மன ஆயத்தம் எந்தக் கேள்வித்தாளிலும் இடம்பெறுவதில்லை.

அறுவை முடிந்து ஏறத்தாழ இரண்டு மாதங்களில் அந்தத் தொழிலாளி கேன்டீனுக்குத் திரும்புகிறார். சோறு தாராளமாகவும், முட்டையும் பருப்பும் காயும் அளந்தும் தரப்படுவது இத்தகைய சமையற்கூடங்களின் பொது வழக்கம். அவருக்கு இப்போது தேவைப்படுவது இதன் நேரெதிர், நாளொன்றுக்கு 60 கிராம் அளவு புரதமும் ஓரிரு கரண்டிச் சோறும். ஒவ்வொரு கவளத்தையும் கூழாகும் வரை மெல்லவேண்டும். சிறு கிண்ண உணவுக்கே இருபது முதல் முப்பது நிமிடங்கள் ஆகும். உண்ணும்போது தண்ணீர் குடிக்கக்கூடாது, உண்டு முடித்து அரை மணி நேரம் கழித்தே குடிக்கலாம். 1948ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த அரை மணி நேரத்துக்குள் அவர் கையுறையைக் கழற்றி, லைனிலிருந்து நடந்து, வரிசையில் நின்று, தட்டை நீட்டி, அறிந்த முகத்தோடு இன்னொரு கரண்டியை உயர்த்துபவரிடம் ‘போதும்’ என்று சொல்லிவிட்டு, உட்கார இடம் தேடவேண்டும்.